சூப்புச் சட்டியோடு தெருவில் நடந்த பெண்கள்: ஒரு பிரான்ஸ் பயணக் குறிப்பு

வியாழன், லியோன்

பெல்கூர் சதுக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செம்மண் பரப்பிய பெரிய திடல், நடுவில் குதிரைமேல் பதினான்காம் லூயி. பக்கத்தில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். திருச்சியில் அரசு மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் பயணத்துக்கு அவளைவிடப் பொருத்தமான துணை எனக்குக் கிடைத்திருக்காது.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஏழை நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்த, பிறரன்புப் புதல்வியர் என்ற கத்தோலிக்கச் சபைப் பெண்களின் தடம் பார்க்க வந்திருக்கிறோம். இன்று சேலை கட்டிய கன்னியாஸ்திரி ஒருவர் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போவதை நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு அது சட்டப்படி நடக்கக் கூடாத காரியம். 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் கன்னியர் மடங்களுக்கு அடைப்பு விதியை உறுதியாக்கியது. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அதை இன்னும் இறுக்கினார். பகிரங்க வார்த்தைப்பாடு, அதாவது துறவறச் சத்தியம், கொடுத்த பெண் மடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. பெண்ணுக்கு இரண்டே வழி: கணவன் வீடு, இல்லையென்றால் மடத்துச் சுவர்.

பெல்கூரில் முதலில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. ஷாந்தால் என்ற விதவையும் பிரான்சிஸ் சலேசியார் என்ற ஆயரும் 1610இல் அனெசியில் ஒரு பெண்கள் சபையைத் தொடங்கினார்கள். செபத்தோடு, வெளியே போய் நோயாளிகளைச் சந்திப்பதும் அவர்களுடைய வேலை. 1615இல் லியோனுக்கு வந்தார்கள். இங்கிருந்த பேராயர் மார்க்மோன் அடைப்பு இல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றார். 1618க்குள் அது அடைப்பு மடமாக மாறிவிட்டது. சலேசியார் 1622 டிசம்பரில் இந்த பெல்கூரில்தான், அந்த மடத்துத் தோட்டக்காரரின் குடிலில், இறந்துபோனார். வெளியே நடக்க நினைத்த ஒரு சபையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய ஊர் இது. அதே சமயத்தில், இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், வேறொன்று முளைத்துக்கொண்டிருந்தது. அங்கேதான் அடுத்து.

சனி, சாத்தியோன்

ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் குளங்கள். தோம்ப் என்று பேர் பெற்ற வட்டாரம், குளமும் மீனும் பறவையுமாகக் கிடக்கிறது. ஊரின் முழுப்பெயர் சாத்தியோன்-சூர்-ஷலாரோன். சின்ன ஆறு, பாலமெல்லாம் பூத்தொட்டி. சனிக்கிழமைச் சந்தை பெரிய மரக்கூரை மண்டபத்தின்கீழ் கூடியிருந்தது. அந்த மண்டபம் 1670இல் தீக்குப் பின் திரும்பக் கட்டியது. பாலாடைக் கட்டியும் கோழியும் விற்கிறார்கள்.

1617 ஆகஸ்டில் வின்சென்ட் தே பவுல் இங்கே பங்குச் சாமியாராக வந்தார். நம்மூர்ப் பங்குகளில் அவர் பெயரில் ஏழைகளுக்கு உதவும் சபை இருக்கிறதே, அதே வின்சென்ட். ஒரு ஞாயிறு பூசைக்கு உடுப்பு மாட்டும்போது ஒரு பெண் வந்து சொன்னாள்: ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட எழுந்து நிற்க ஒரு ஆள் இல்லை. அவர் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மத்தியானம் அந்த வீட்டைப் பார்க்க நடந்து போனபோது வழியெங்கும் பெண்கள். ரொட்டியும் இறைச்சியும் சுமந்து போகிறவர்கள், கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள், வெயில் தாங்காமல் மர நிழலில் உட்கார்ந்திருப்பவர்கள்.

இதை அற்புதம் என்று சொல்லி முடித்திருக்கலாம். வின்சென்டுக்கு உறுத்தியது வேறு. இன்று வந்து குவிந்த சாப்பாட்டில் பாதி கெட்டுப்போகும். நாளை மறுநாள் அந்த வீட்டுக்கு யார் போவார்கள்? மூன்றாம் நாள், ஆகஸ்ட் 23, ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டினார். ஒருவருக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். நவம்பரில் எழுத்தில் சட்டம் வந்தது, டிசம்பர் 8 அன்று சங்கம் முறைப்படி எழும்பியது.

வின்சென்ட் தங்கியிருந்த வீடு இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரர் புரோட்டஸ்டன்ட்காரர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மதப்போரில் ரத்தம் சிந்திய தலைமுறை அது. வாசல் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தின் வாசகத்தை அக்காவுக்கு வாசித்து, தமிழில் சொன்னேன். முறைக்காரப் பெண் சமைத்து எடுத்துப் போக வேண்டும். உள்ளே நுழையும்போது முகமலர்ச்சியோடு பேச வேண்டும். கட்டில்மேல் பலகையை வைத்து, துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் வைத்து, நோயாளியின் கையைக் கழுவிவிட்டு, செபம் சொல்லி, சூப்பை ஊற்றி, இறைச்சியைத் தட்டில் வைத்து, வெட்டிக் கொடுத்து, அன்போடு சாப்பிடச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கிற நோயாளியிடம் முதலில் போக வேண்டும். யாருமே இல்லாதவரிடம் கடைசியில் போக வேண்டும், அவரோடு கூடுதல் நேரம் இருப்பதற்காக.

அக்கா நிறுத்தச் சொன்னாள். "அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"இத எழுதுனவங்க வார்டுல நின்னுருக்கணும்டி. இல்லேன்னா நின்னவங்க சொல்லிக் கேட்ருக்கணும். ரவுண்ட்ஸ் போறப்போ ஆளில்லாத கேஸைத்தான் எல்லாரும் முதல்ல சட்டுன்னு முடிச்சிட்டுப் போவோம். ஏன்னா கேள்வி கேக்க அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

பணத்தைப் பற்றிய பகுதியும் அப்படித்தான். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவியிடம், மற்றது பொருளாளரிடம். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கல்யாணமான பெண் சேரக் கணவன் சம்மதம் வேண்டும், கல்யாணமாகாதவளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தக் காலம் அப்படி. ஆனால் சேர்ந்த பிறகு பெட்டியும் சாவியும் அவர்கள் கையில். பின்னாளில் ஆண்களும் பெண்களும் கலந்த சங்கங்கள் நடத்திப் பார்த்த வின்சென்ட், ஆண்கள் எல்லாவற்றையும் தங்கள் கைக்குள் எடுக்கப் பார்க்கிறார்கள், பெண்களின் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்து, அதைக் கடிதத்திலேயே எழுதிவைத்தார்.

திங்கள், பாரிஸ்

பாக் தெரு 140ஆம் எண். பெரிய கடை போன் மார்ஷேயை ஒட்டிய சந்து மாதிரி வாசல். உள்ளே நீளமான முற்றம், அதன் கோடியில் 1830இல் கத்தரின் லபூரே மரியன்னையைக் காட்சியில் கண்ட சிற்றாலயம். அந்தக் காட்சியைப் பொறித்த அற்புதப் பதக்கம் இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. அன்றும் கூட்டம். நாங்கள் மண்டியிட்டுவிட்டு வந்தோம். ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் பதக்கத்துக்காக வந்தவர்கள். இந்த வீடு யாருடைய தாய்வீடு என்பது பலருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

இது பிறரன்புப் புதல்வியர் சபையின் தாய்வீடு. 1815இல் இங்கே குடிவந்தார்கள். லபூரேயும் அந்தச் சபைச் சகோதரிதான். அதைத் தொடங்கியவர் லூயிஸ் தெ மரியாக். கொஞ்ச தூரத்தில் செவ்ர் தெருவில் வின்சென்டின் உடல் வெள்ளிப் பேழையில், பீடத்துக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. படியேறிப் பார்க்கலாம்.

லூயிஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1591இல் பிறந்தவர். அப்பா மரியாக் என்ற பெரிய குடும்பத்துக்காரர். அம்மா யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. சிறுமியாகப் புவாசி மடத்தில் வளர்ந்தார், நல்ல படிப்பு. பிறகு அங்கிருந்து எடுத்துப் பாரிஸில் ஒரு சாதாரண விடுதியில் விட்டார்கள், வீட்டு வேலை கற்றுக்கொண்டார். மடத்தில் சேரக் கேட்டபோது உடம்பு தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். 1613இல் அரசி மரி தெ மெதிசியின் செயலர்களில் ஒருவரைக் கட்டிவைத்தார்கள். ஒரு மகன். 1625 டிசம்பரில் கணவர் நோயில் இறந்தார். கையில் ஒரு பையன், மனசில் தீராத கலக்கம். வின்சென்டைச் சந்தித்தது இந்தச் சமயத்தில்.

1629இல் வின்சென்ட் அவரை ஊர் ஊராக அனுப்பினார். சாத்தியோனில் தொடங்கியதைப் போன்ற சங்கங்கள் அதற்குள் பல ஊரில் இருந்தன. லூயிஸ் போய் என்ன பார்த்தார்? கணக்கு சரியா, முறைக்காரர்கள் வருகிறார்களா, நோயாளிகளுக்குச் சாப்பாடு போகிறதா, ஊரில் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் உண்டா. பார்த்ததைக் குறித்துவைத்தார். இந்தப் பயணங்கள் பன்னிரண்டு வருடம் முன்னால் சாத்தியோனில் நடந்ததைவிடப் பெரியவை என்பது என் எண்ணம். ஒரு ஊரில் எழும்பிய இரக்கத்தை ஐம்பது ஊரில் நிலைக்கவைப்பதற்கு, குதிரை வண்டியில் குலுங்கிப் போய்க் கணக்கு நோட்டைப் புரட்டுகிற ஒருவர் வேண்டியிருந்தது. படங்களில் வின்சென்ட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். லூயிஸின் கையில் எவரும் கணக்கு நோட்டு வரைந்ததாக நான் பார்க்கவில்லை.

செவ்வாய், பாரிஸ்

காலையில் புனித நிக்கோலாஸ் கோயில் பக்கம், சேன் ஆற்றின் இடது கரை. இந்தச் சுற்றுவட்டத்தில்தான் லூயிஸின் வீடு இருந்தது. 1633 நவம்பர் 29 அன்று நாலைந்து கிராமத்துப் பெண்களை அந்த வீட்டில் தன்னோடு சேர்த்துக்கொண்டார். சபையின் தொடக்கம் அதுதான். கல்வெட்டைத் தேடி நாங்கள் அலையவில்லை. தெருவே போதுமாக இருந்தது.

ஏன் கிராமத்துப் பெண்கள்? பாரிஸில் சங்கம் வைத்தபோது சேர்ந்தவர்கள் சீமாட்டிகள். மனசு இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறி, புண்ணைக் கழுவி, படுக்கையை மாற்றுவது அவர்களுக்கு இயலவில்லை. நோய் தொற்றிவிடும் என்று கணவர்கள் தடுத்தார்கள். வேலைக்காரிகளை அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களுக்கு அது இன்னொரு வீட்டு வேலை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் வந்து நின்றவர்கள் மாடு மேய்த்தும் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போயும் பழகிய பெண்கள். காலை நாலு மணிக்கு எழுந்தார்கள். லூயிஸ் எழுத்தும் படிப்பும் சொல்லிக் கொடுத்தார். மருந்து கலக்கவும் இரத்தம் எடுக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ஆற்றோரமாக நடந்தால் தூர்நெல் கரை. இங்கே ஒரு பழைய கோபுரத்தில் கப்பல் துடுப்புத் தண்டனைக் கைதிகளைச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். 1640 வாக்கில் சகோதரிகள் உள்ளே போனார்கள். பார்ப் ஆன்ஷிபூ என்ற சகோதரி கொண்டுபோன சாப்பாட்டைக் கைதிகள் கோபத்தில் தரையில் தள்ளிவிடுவார்களாம். அவள் குனிந்து எடுத்து, சுத்தம் செய்து, முகம் மாறாமல் திரும்ப வைப்பாளாம். அவள் இறந்தபின் சகோதரிகள் கூடி அவளைப் பற்றிப் பேசியபோது உடனிருந்தவர்கள் சொன்னது இது.

அக்கா ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். "எங்க வார்டுலயும் போலீஸ் காவல்ல கைதிங்க வருவாங்க. மொதல் நாள் தட்டை எறிவாங்க. மூணாம் நாள் பேர் சொல்லிக் கூப்புடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதே பார்பைப் பற்றி இன்னொன்று. 1636இல் ரிஷெலியூ கர்தினாலின் அக்கா மகளான எகியோன் சீமாட்டி தனக்கு ஒரு சகோதரி வேண்டும் என்று கேட்டார். சபைக்கு நிறையக் கொடுத்த நல்ல மனுஷி, மறுக்க முடியாத இடம். முதலில் கேட்கப்பட்டவள், ஏழைகளுக்கு வேலை செய்யத்தான் அப்பா அம்மாவை விட்டு வந்தேன் என்று மறுத்தாள். அடுத்து பார்பை அனுப்பினார்கள். அரண்மனை முற்றத்து வண்டிகளையும் கூட்டத்தையும் பார்த்து அழுதுவிட்டாள். திரும்பப் போக விடுங்கள் என்றாள். விட்டார்கள். நாட்டையே ஆட்டிவைத்த கர்தினாலின் வீட்டுக்கு ஒரு கிராமத்துப் பெண் "மாட்டேன்" சொன்னாள் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

புதன், சுரேன்

பாரிஸுக்கு மேற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம். டிராமில் இறங்கினால் இன்று அலுவலகக் கட்டிடங்களும் அடுக்கு வீடுகளும். மேலே வலேரியன் குன்று. அன்று இது திராட்சை விளையும் கிராமம். மார்கெரித் நசோ 1594இல் இங்கே பிறந்தார்.

மாடு மேய்ப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு அரிச்சுவடி வாங்கினார். பங்குச் சாமியாரிடம் போய் நாலு எழுத்துக் கேட்டுக்கொள்வார். அது மனசில் பதிந்ததும் அடுத்த நாலு. மேய்ச்சலில் இருக்கும்போது சாலையில் போகிறவர்களில் படித்தவர் மாதிரி தெரிந்தால் நிறுத்தி, இதை எப்படிச் சொல்லுவது என்று கேட்பார். கற்றுக்கொண்டதும் ஊர் ஊராகப் போய்ப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சில நாள் ரொட்டிகூட இருக்காது. ஊர் சிரித்தது, தப்பாகவும் பேசியது. 1630 வாக்கில் வின்சென்டிடம் வந்து, நோயாளிகளுக்கு வேலை செய்கிறேன் என்றார்.

1633 தொடக்கத்தில் பாரிஸில் கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குப் படுக்க இடமில்லை. மார்கெரித் தன் படுக்கையிலேயே படுக்கவைத்தார். நோய் ஒட்டியது. புனித லூயி மருத்துவமனைக்குப் போய் அங்கேயே இறந்தார். சபை தொடங்கியது அந்த ஆண்டு நவம்பரில். அதற்கு முன்பே இறந்துபோன இவரைத்தான் வின்சென்ட் முதல் சகோதரி என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அது நியாயம். கூப்பிட ஆளில்லாமல் தானாக வந்தவர் அவர்.

இங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் இந்தப் பாதி நாளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வியாழன், லா சப்பல்

லா சப்பல் என்றால் நம்மவர்களுக்குப் பாரிஸின் தமிழ்க்கடைத் தெரு. இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். கடைக்கார அம்மா "நீங்கள் இந்தியாவோ? கோயிலுக்கு வந்தனீங்களோ?" என்று கேட்டார். ஒரு வகையில் ஆமாம். அன்று பாரிஸுக்கு வெளியே கிராமமாக இருந்த இந்த லா சப்பலுக்குத்தான் 1636இல் லூயிஸ் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நகரத்துக்குள் இருந்தால் நகரத்துப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்ற யோசனையும் அதில் இருந்தது.

அங்கிருந்து தமிழ்க் கடைகளைத் தாண்டி, நார் ரயில் நிலையத்தைத் தாண்டி, ஃபோபூர் சென்-தெனி தெருவில் தெற்கே இறங்கினால் 107ஆம் எண் பக்கம் சென்-லசார் இருந்த இடம். பழைய தொழுநோயாளர் இல்லம். 1632இல் வின்சென்டின் கைக்கு வந்தது. 1641இல் சகோதரிகளின் வீடு அதற்கு எதிரே. 1789 ஜூலை 13 அன்று, பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்தீய் கோட்டை விழுவதற்கு முதல் நாள், கூட்டம் புகுந்து சென்-லசாரைச் சூறையாடியது. பிறகு சிறை, பிறகு மருத்துவமனை. இப்போது நூலகமும் பூங்காவும். பிள்ளைகள் சறுக்குமரத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் விஷயம் இந்தப் பகுதியில்தான் நடந்தது. பாரிஸில் தெருவில் போடப்பட்ட சிசுக்களை ஒரு வீட்டில் சேர்ப்பார்கள். அங்கே அழுகையை அடக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள், சில்லறைக் காசுக்குப் பிச்சைக்காரர்களிடம் விற்றார்கள். கிட்டத்தட்ட ஒன்றும் பிழைக்கவில்லை. 1638இல் சீமாட்டிகள் சங்கமும் சகோதரிகளும் சில குழந்தைகளை மட்டும் எடுத்து வளர்க்கத் தொடங்கி, பிறகு எல்லாக் குழந்தைகளையும் ஏற்றார்கள். இங்கே புனித லாரன்ஸ் கோயில் பக்கம் 13 சிறு வீடுகள் எழும்பின. தாய்ப்பால் கொடுக்கக் கிராமத்துப் பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். உள்நாட்டுக் கலகம் வந்தபோது பணம் வற்றியது. கூலி கிடைக்காத செவிலித்தாய்கள் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். லூயிஸ் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிக் கேட்டார். கைவிட நினைத்த சீமாட்டிகளிடம் வின்சென்ட், இந்தப் பிள்ளைகள் வாழ்வதும் சாவதும் உங்கள் வாக்கில் இருக்கிறது என்றார். அவர்கள் தொடர்ந்தார்கள்.

புனித லாரன்ஸ் கோயில் எஸ்ட் ரயில் நிலையத்துக்கு அருகில் இன்றும் நிற்கிறது. லூயிஸின் பங்குக் கோயில். 1660 மார்ச் 15 அன்று இறந்த அவரை இங்கே அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வின்சென்டும் போனார். உள்ளே சத்தமில்லை. அக்கா செபமாலை சொல்லி முடிக்கும்வரை நான் பின்வரிசையில் இருந்தேன்.

சனி, ஆன்ஜெ

மோன்பர்னாஸிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில். 12ஆம் நூற்றாண்டின் புனித யோவான் மருத்துவமனை ஆற்றுக்கு அந்தக் கரையில். மெல்லிய தூண்கள் தாங்கும் ஒரே பெரிய கூடம். அதில் கட்டில் கட்டிலாக நோயாளிகள் கிடந்தார்கள். இன்று அருங்காட்சியகம், சுவர் முழுக்க ஜான் லூர்சாவின் கறுப்புப் பின்னணித் திரைச்சீலைகள். ஒரு மூலையில் 17ஆம் நூற்றாண்டு மருந்து அலமாரி, ஜாடிகளோடு அப்படியே. அக்கா திரைச்சீலைகளை விட்டுவிட்டு நேரே அங்கே போய்விட்டாள்.

1639 கடும் குளிரில், உடம்பு சரியில்லாத லூயிஸ் சகோதரிகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்தார். வந்ததும் படுத்துவிட்டார். எழுந்ததும் நிர்வாகிகளோடு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார். 1640 பிப்ரவரி 1 அன்று கையெழுத்து. மருத்துவமனை வேலையில் நிர்வாகிகளின் சொல்லுக்கு, ஆன்ம காரியத்தில் சபைத் தலைமையின் சொல்லுக்கு, என்று எல்லை பிரித்தார்கள். தங்கள் பெண்களை இன்னொருவர் இஷ்டத்துக்கு விட்டுவிடாத எழுத்து.

அடைப்பு விதியிலிருந்து அவர்கள் எப்படித் தப்பினார்கள் என்ற கேள்விக்கும் பதில் இந்த மாதிரி எழுத்துகளில்தான் இருக்கிறது. 1642 மார்ச் 25 அன்று லூயிஸும் நான்கு பேரும் தனி வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். பகிரங்கமானதல்ல, எனவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் கன்னியர் அல்ல. பிறகு அது ஓராண்டுக்கு மட்டும் கொடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழக்கமானது. முக்காடு இல்லை, பாரிஸ் வட்டாரக் கிராமத்துப் பெண் உடுத்தும் சாம்பல் நிற உடைதான். உங்கள் மடம் நோயாளிகளின் வீடு, உங்கள் அறை வாடகை அறை, உங்கள் ஆலயம் பங்குக் கோயில், உங்கள் மடத்து முற்றம் நகரத்துத் தெரு என்று வின்சென்ட் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது பக்திக்காக மட்டும் இல்லை, லியோனில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்கவும்தான். 1655இல் பேராயர் ஒப்புதலும் 1668இல் ரோமையின் ஒப்புதலும் வந்தன.

மாலை டிராமில் அவ்ரியே பக்கம் போனோம். மறைசாட்சிகள் களம் என்று பெயர், மரங்கள் சூழ்ந்த புல்வெளி, ஒரு சிற்றாலயம். இதே மருத்துவமனைச் சகோதரிகள் மரி-ஆன் வையோவும் ஒதீல் போம்கார்த்தனும் 1794 பிப்ரவரி 1 அன்று இங்கே சுடப்பட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 154 வருடம் கழித்து, அதே தேதியில். ஒருவருக்கு 59 வயது, மற்றவருக்கு 43. புரட்சி அரசு கேட்ட பிரமாணத்தை எடுக்க மறுத்தார்கள். எடுத்துவிட்டதாக நானே சொல்லிவிடுகிறேன், பிழைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அதிகாரி இறங்கிவந்ததையும் மறுத்தார்கள்.

"நோயாளிய யாருகிட்ட ஒப்படைச்சிட்டுப் போனாங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று அக்கா கேட்டாள். அதற்கு என்னிடம் இருந்த பதில் இதுதான்: மருத்துவமனைகள் தடுமாறின. ஆட்கள் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களுக்குத் தொழில் தெரியவில்லை. 1800 டிசம்பரில் உள்துறை அமைச்சர் ஷப்தால், கலைக்கப்பட்ட சபையின் முன்னாள் தலைவி தெலோவுக்கு, மருத்துவமனைகளுக்காக இளம்பெண்களைப் பயிற்றுவிக்க அனுமதி கொடுத்தார். ஆணையில் அவரை அருட்சகோதரி என்று எழுதவில்லை, குடிமகள் தெலோ என்று எழுதினார்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் வீட்டைத் திறந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டார்.